கருணையிலிருந்து உரிமைக்கு: திரு.வி.க.வின் வாழ்வும் தொழிற்சங்கச் சட்டத்தின் வருகையும்

ஆய்வுச் சுருக்கம்

திரு.வி. கலியாணசுந்தரனாரைத் தமிழ் உரைநடையின் முன்னோடியாகவும் சைவ அறிஞராகவும் இதழாசிரியராகவும் ஆராய்ந்த கட்டுரைகள் பல. அவரது தொழிற்சங்கப் பணி பெரும்பாலும் நாட்டு விடுதலைப் போராட்டத்தின் ஒரு கிளையாகவே நோக்கப்பட்டு வந்துள்ளது. இக்கட்டுரை அவரது வாழ்வை இந்தியத் தொழிலாளர் சட்ட வரலாற்றின் பின்னணியில் வைத்து நோக்குகிறது. முதலாளியின் விருப்பத்தால் வழங்கப்படும் நலன் வேறு, சட்டம் உறுதிசெய்யும் உரிமை வேறு என்னும் வேறுபாடு 1918 முதல் 1926 வரையிலான சென்னை நிகழ்வுகளில் தெளிவுபட்டது. அதனைத் தமிழில் தொழிலாளரிடம் எடுத்துரைத்தவருள் திரு.வி.க. முதன்மையானவர் என்பது இக்கட்டுரையின் முடிபு.

குறிச்சொற்கள்: திரு.வி.க., சென்னைத் தொழிலாளர் சங்கம், வாடியா, பின்னி ஆலைகள், தொழிற்சங்கச் சட்டம் 1926, தொழிலாளர் நலன்.

முன்னுரை

ஓர் ஆலையில் பள்ளியும் மருந்தகமும் குடியிருப்பும் இருக்கலாம். கூலியும் பிற ஆலைகளைவிடச் சிறிது மிகுதியாக இருக்கலாம். எனினும் இவை யாவும் ஆலை உரிமையாளர் நினைத்தால் நிற்கக்கூடியவை என்றால், தொழிலாளி அவற்றைப் பெறுபவனே அன்றி அவற்றுக்கு உரியவன் அல்லன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைப் பெரம்பூரிலிருந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் நிலை இதுவே. பின்னி நிறுவனத்தின் மேலாண்மையில் இயங்கிய இவ்வாலைகள் தொழிலாளர் நல ஏற்பாடுகளுக்காகப் பெயர்பெற்றவை. இந்தியாவில் முறையான உறுப்பினர் பதிவும் சந்தாவும் கொண்ட முதல் தொழிற்சங்கமாகப் பொதுவாகக் கொள்ளப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் இவ்வாலைகளின் வாயிலிலேதான் தோன்றியது. நலன்கள் ஓரளவு கிடைத்துவந்த இடத்திலேயே உரிமைக்கான சங்கம் முளைத்தது ஏன் என்னும் வினா திரு.வி.க.வின் வாழ்வை நோக்குவதற்கு ஏற்ற தொடக்கமாகும்.

தமிழாசிரியராக உருவாதல்

கலியாணசுந்தரனார் 1883ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் செங்கற்பட்டுப் பகுதியைச் சார்ந்த துள்ளம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் விருத்தாசல முதலியார், தாயார் சின்னம்மாள். முன்னோர் திருவாரூரினர் ஆதலின் அவ்வூர்ப் பெயர் அவர்தம் பெயரின் முதலெழுத்தாக நிலைத்தது. சென்னை இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் பயிலுங்கால் யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற் பிள்ளையிடம் தமிழ் கற்கும் வாய்ப்புக் கிட்டியது. அருட்பா, மருட்பாப் பூசலையொட்டிக் கதிரைவேற் பிள்ளைமீது வழக்குத் தொடரப்பட்டபொழுது மாணவர் ஆசிரியர் பக்கம் நின்றார். நீதிமன்றம் செல்ல நேர்ந்தமையால் பள்ளி இறுதித் தேர்வு கைநழுவியது. பட்டம் பெறாத அவரது கல்வி அதன்பின் மயிலைத் தணிகாசல முதலியார் போன்ற அறிஞர்களிடம் பாடங்கேட்டலாலேயே வளர்ந்தது.

வாழ்க்கைத் தேவைக்காக அவர் சில காலம் ஸ்பென்சர் நிறுவனத்தில் பணிபுரிந்தார். சுதேசி இயக்கத்தின்பால் கொண்ட பற்று ஆங்கிலேய நிறுவனத்துப் பணியோடு பொருந்தவில்லை. பின்னர் ஆயிரம்விளக்கு வெஸ்லியன் பள்ளியில் ஆசிரியரானார். அடுத்து, தாம் படித்த வெஸ்லி கல்விக்கூடத்திலேயே தமிழாசிரியரானார். 1917 டிசம்பரில் தேசபக்தன் நாளிதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றபொழுது அப்பணியையும் துறந்தார்.

பிறர்க்குக் கீழ்ப்பட்டு மாத ஊதியம் பெறும் வாழ்வை அவர் நேரில் அறிந்தவர் என்பதும், ஆசிரியர்க்குரிய விளக்கும் முறை அவரிடம் ஊறியிருந்தது என்பதும் அவரது பிற்காலப் பணிக்கு அடிப்படையாயின. தேசபக்தனில் அவர் கையாண்ட நடை, வடசொல்லும் ஆங்கிலச் சொல்லும் மண்டிக் கிடந்த இதழ்த்தமிழைத் தெளிந்த செந்தமிழாக்கியது. அவ்வெழுத்துகளிற் பல 1919இல் தேசபக்தாமிர்தம் என்னும் தொகுப்பாக வெளிவந்தன. அரசியலுக்கென அவர் பண்படுத்திய இந்நடையே தொழிலாளர் மேடைக்கும் உரியதாயிற்று.

சங்கம் தோன்றுமுன் சட்டத்தின் நிலை

1918க்கு முன் தொழிலாளி, முதலாளி உறவைச் சட்டம் எவ்வாறு கருதியது என்பதை இவ்விடத்துச் சுருங்கக் காண்டல் வேண்டும். 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம், முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையைச் செய்யாவிடின் அவனைக் குற்றவியல் நடுவர்முன் நிறுத்த இடந்தந்தது. நடுவர் ஆணைக்குப் பணியாதவனுக்கு மூன்று திங்கள்வரை சிறைத்தண்டனை உண்டு. சென்னை, கல்கத்தா, பம்பாய் ஆகிய மாநகர்களை முதன்மையாகக் கருதி இயற்றப்பட்டது இச்சட்டம். ஒப்பந்தத்தை மீறும் முதலாளிமீது உரிமையியல் வழக்கே தொடரலாம். மீறும் தொழிலாளியோ குற்றவாளி ஆவான்.

தொழிற்சாலைச் சட்டங்கள் மெதுவாகவே வளர்ந்தன. 1881ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஆலைக்குள் அமர்த்துவதைத் தடுத்தது. ஏழு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ளோர்க்கு ஒன்பது மணி நேர வரம்பு விதித்தது. 1891ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களின் வேலை நேரத்தை 11 மணியாக வரையறுத்தது. வளர்ந்த ஆடவர்க்கு வரம்பு வந்தது 1911இல்தான். அதுவும் நெசவாலைகளில் மட்டும் நாளொன்றுக்கு 12 மணி. நண்பகல் இடைவேளை அரைமணி. ஆலைக்குள்ளிருந்து வெளிவந்து, கைகழுவி, உணவுண்டு, மீண்டும் வாயிலுக்குள் நுழைய அவ்வரைமணி போதாமை பெரம்பூர்த் தொழிலாளரின் முதற் குறைகளுள் ஒன்று. தாமதமாக வந்தவர்க்கு வாயில் அடைக்கப்படும். கூலி இழப்பு நேரும்.

இச்சட்டங்கள் யாவும் தனித்தொழிலாளியையே நோக்கின. தொழிலாளர் ஒன்றுகூடி முதலாளியோடு பேசும் அமைப்பைப் பற்றி இந்தியச் சட்டம் ஒரு சொல்லும் கூறவில்லை.

சென்னைத் தொழிலாளர் சங்கம்

பெரம்பூரில் கடை வைத்திருந்த கோ. செல்வபதி செட்டியாரும் க. இராமாநுஜலு நாயுடுவும் தங்களிடம் வந்து குறைகூறும் தொழிலாளரின் நிலைகண்டு இரங்கினர். ஆலைப்பகுதியில் அவர்கள் நடத்திய சமயச் சபையே தொழிலாளர் கூடும் இடமாயிற்று. 1918 மார்ச்சுத் திங்களில் அங்குச் சொற்பொழிவாற்ற அழைக்கப்பட்டவருள் திரு.வி.க.வும் ஒருவர். சமயப் பொழிவு கேட்க வந்தவர்களுக்குத் தொழிலாளர் ஒற்றுமை பற்றிய பேச்சும் அங்கே கிடைத்தது. பின்னர் அன்னி பெசண்டு அம்மையாரின் நியூ இந்தியா அலுவலகத்தை நாடிச் சென்ற செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் பி.பி. வாடியாவைக் கண்டு பேசினர். 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சங்கம் நிறுவப்பட்டது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவருள் ஒருவர், செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் செயலாளர்.

வாடியா பம்பாயிலிருந்து வந்த பார்சி, ஆங்கிலத்தில் பேசினார். அவரது பேச்சு தமிழாக்கப்பட்டே தொழிலாளரைச் சேர்ந்தது. திரு.வி.க.வின் பேச்சுக்கு அந்த இடைநிலை வேண்டியிருக்கவில்லை. மேலை நாட்டுத் தொழிலியக்க வரலாற்றையும் ஒப்பந்தம், கூலி, வேலைநேரம் ஆகியவற்றின் நுணுக்கங்களையும் அவர் நேரே தமிழில் விளக்கினார். சட்டம் ஆங்கிலத்தில் இருந்த காலத்தில், அச்சட்டத்தால் கட்டுப்படும் மக்கள் அதனைத் தம் மொழியில் எண்ணிப் பார்ப்பதற்குச் சொற்கள் வேண்டியிருந்தன. அவற்றைத் தேடித் தந்தமையும், நாளிதழிலும் மேடையிலும் திரும்பத் திரும்பக் கையாண்டு பழக்கியமையும் திரு.வி.க.வின் தொண்டு. உரிமை என்னும் சொல்லைச் சொத்து வழக்கிலிருந்து உழைப்பு வழக்கிற்கு நகர்த்தியதில் அவர் பங்கு பெரிது.

சங்கத்தின் முயற்சியால் உணவு இடைவேளை சிறிது நீண்டது. கோரிக்கை சிறியதே, ஆயினும் ஆலை நிருவாகம் தானாக வழங்கியதாக அன்றி, கேட்டுப் பெற்றதாக அது அமைந்தது. அதே 1918ஆம் ஆண்டில் திரு.வி.க. தம் மனைவியாரை இழந்தார். 1912இல் தொடங்கிய இல்வாழ்வு ஆறாண்டில் முடிந்தது. பிறந்த குழந்தைகளும் முன்னரே மறைந்திருந்தன. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. அதன்பின் எழுத்தும் சங்கப்பணியுமே அவரது வாழ்வாயின.

உயர்நீதிமன்ற வழக்கு

1920ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பக்கிங்காம் ஆலையில் பூசல் முற்றிக் கதவடைப்பு நிகழ்ந்தது. பின்னி நிறுவனம் வாடியா உள்ளிட்ட சங்கத் தலைவர்கள்மீது சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. வேலை ஒப்பந்தத்தை மீறுமாறு தொழிலாளரைத் தூண்டினர் என்பது குற்றச்சாட்டு. இழப்பீடு கோரப்பட்டது, தலைவர்கள் அவ்வாறு தூண்டலாகாது என இடைக்காலத் தடையாணையும் பெறப்பட்டது.

இவ்வழக்கின் வேர் இங்கிலாந்தில் உள்ளது. ஒரு பாடகி ஓர் அரங்க உரிமையாளரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை மீறுமாறு மற்றோர் அரங்க உரிமையாளர் தூண்டிய வழக்கில், 1853இல் ஆங்கில நீதிமன்றம் அத்தூண்டுதலே தனித் தீங்கு எனத் தீர்ப்பளித்தது. இசையரங்குப் போட்டியில் பிறந்த இக்கோட்பாடு பின்னர்த் தொழிற்சங்கங்கள்மீது பாய்ந்தது. 1901இல் டாஃப் வேல் இருப்புப்பாதை நிறுவன வழக்கில் வேலைநிறுத்தத்தால் நேர்ந்த இழப்புக்குச் சங்கமே பொறுப்பு எனப் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. சங்கம் 23,000 பவுன் செலுத்த நேர்ந்தது. அதன் விளைவாக எழுந்த கிளர்ச்சியால் 1906இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் சங்கங்களுக்குப் பாதுகாப்பளித்துச் சட்டமியற்றியது. இந்தியாவிலோ பழைய ஆங்கிலக் கோட்பாடு வந்து சேர்ந்தது. அதனைத் திருத்திய 1906ஆம் ஆண்டின் பாதுகாப்பு வரவில்லை. இங்கிலாந்தில் தொடுக்க இயலாத வழக்கைச் சென்னையில் தொடுக்க இயன்றது.

பின்னர் ஏற்பட்ட உடன்பாட்டின்படி வாடியா சங்கத்தொடர்பிலிருந்து விலகினார். 1919இல் வாஷிங்டனில் கூடிய முதற் பன்னாட்டுத் தொழிலாளர் மாநாட்டில் இந்தியத் தொழிலாளர் பேராளர் என்.எம். ஜோஷிக்கு ஆலோசகராகச் சென்றவர் அவர். அத்தகையவர் சொந்தச் சங்கத்தை விட்டு விலக நேர்ந்தமை நாடு முழுதும் பேசப்பட்டது. 1921 மார்ச்சில் நடுவண் சட்டமன்றத்தில் ஜோஷி தொழிற்சங்கப் பதிவுக்கும் பாதுகாப்புக்கும் சட்டம் வேண்டும் எனத் தீர்மானம் கொணர்ந்தார். அரசு அதனை ஏற்றது. சட்டமாக அது உருப்பெற மேலும் ஐந்தாண்டுகள் ஆயின.

1921: சங்கத்தின் சோதனை

வாடியா விலகியபின் சங்கத்தின் சுமை பெரிதும் திரு.வி.க.வின் தோளில் விழுந்தது. 1921 மே மாதம் கர்நாடிக் ஆலையில் தொடங்கிய பூசல் ஜூனில் பக்கிங்காம் ஆலைக்கும் பரவி, அக்டோபர்வரை நீடித்தது. பல திங்கள் கூலியின்றி இருந்த குடும்பங்களுக்குச் சங்க நிதி போதவில்லை.

வேலைநிறுத்தத்தை உடைத்தது பட்டினி மட்டுமன்று. ஆதிதிராவிடத் தொழிலாளருள் பலர் பணிக்குத் திரும்பினர். நிலமோ பிற பற்றுக்கோடோ இல்லாத அவர்களுக்கு நீண்ட வேலையிழப்பைத் தாங்கும் வலிமை குறைவு. சாதி இந்துத் தொழிலாளரின் தலைமையில் தம் நலன் காக்கப்படும் என்னும் நம்பிக்கையும் இல்லை. எம்.சி. ராஜா போன்ற தலைவர்கள் அவர்கள் பணிக்குத் திரும்புவதை ஆதரித்தனர். புளியந்தோப்புப் பகுதியில் கலகம் மூண்டது, குடிசைகள் எரிந்தன, காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாய்ந்தன. தொழிலாளர் என்னும் பொதுப்பெயர் சாதியின் பிளவை மறைக்க இயலாது என்பதை இந்நிகழ்வுகள் காட்டின. சங்க வரலாற்றை எழுதுவோர் இதனைக் கருங்காலித்தனம் என்னும் ஒரு சொல்லில் முடித்துவிடுவது பொருந்தாது. உரிமை பேசிய சங்கம், உறுப்பினருள் மிகவும் நலிந்தவர்க்கு அவ்வுரிமையை உறுதிசெய்யும் ஆற்றலைப் பெற்றிருக்கவில்லை என்பதே உண்மை.

ஆளுநர் வில்லிங்டன் திரு.வி.க.வையும் பிற தலைவர்களையும் அழைத்து எச்சரித்தார். நாடு கடத்தும் எண்ணமும் அரசுக்கு இருந்தது. நீதிக்கட்சித் தலைவர் சர் பி. தியாகராயர் தலையிட்டமையால் அது கைவிடப்பட்டது. காங்கிரசு மேடையில் நீதிக்கட்சியைக் கடுமையாக எதிர்த்து வந்தவர் திரு.வி.க.; ஆதலின் இத்தலையீடு கருதத்தக்கது. வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. சங்கம் தளர்ந்தது, ஆனால் கலையவில்லை.

சட்டம் வந்தபின்

அடுத்து வந்த ஐந்தாண்டுகளில் சட்டத்தின் போக்கு மாறியது. 1922ஆம் ஆண்டுத் தொழிற்சாலைத் திருத்தச் சட்டம் வேலைநேரத்தை நாளுக்கு 11 மணியாகவும் கிழமைக்கு 60 மணியாகவும் குறைத்தது. ஆறு மணி நேர வேலைக்கு ஒரு மணி நேர ஓய்வை விதித்தது. பெரம்பூரில் 1918இல் சில நிமிடங்களுக்காக எழுந்த கோரிக்கை, நான்காண்டில் நாடு முழுமைக்கும் சட்ட விதியாயிற்று. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், வேலையின்போது வேலையின் காரணமாக நேரும் விபத்துக்கு முதலாளியின் கவனக்குறைவை மெய்ப்பிக்கத் தேவையின்றியே இழப்பீடு தரவேண்டும் என்றது. 1859ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டம் 1925இல் நீக்கப்பட்டது.

1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் கூறுகளுள் நான்கு இங்கு நோக்கத்தக்கன. முதலாவது, ஏழு உறுப்பினர் கையொப்பமிட்டால் சங்கத்தைப் பதிவு செய்யலாம். இரண்டாவது, பதிவுபெற்ற சங்கத்தின் பொறுப்பாளர்மீது ஒப்பந்த மீறலைத் தூண்டினர் என்னும் காரணத்துக்காக மட்டும், தொழிற்பூசலின்போது செய்த செயலுக்கு உரிமையியல் வழக்குத் தொடர இயலாது. வாடியாமீது வீசப்பட்ட படைக்கலம் இவ்வாறு மழுங்கியது. மூன்றாவது, பொறுப்பாளருள் பாதிப்பேரேனும் அத்தொழிலில் பணிபுரிவோராக இருத்தல் வேண்டும். எஞ்சியோர் வெளியார் ஆகலாம். திரு.வி.க. போன்ற ஆசிரியரும் இதழாளரும் சங்கப் பொறுப்பில் இருப்பதைச் சட்டம் ஏற்றது. நான்காவது, சங்கப் பொது நிதியை உறுப்பினரின் நோய், முதுமை, விபத்து, வேலையின்மை, இறப்பு ஆகியவற்றுக்கான உதவிக்கும் குழந்தைகளின் கல்விக்கும் செலவிடலாம். முதலாளியை மட்டுமே எதிர்பார்த்திருந்த நலன்களைத் தொழிலாளர் தம் நிதியாலும் அமைத்துக்கொள்ள வழி பிறந்தது.

இச்சட்டம் தொழிலாளர்க்கு மட்டும் உரியதன்று. முதலாளிகளுக்கிடையிலான உறவை ஒழுங்குசெய்யும் அமைப்பும் இதன்படி தொழிற்சங்கமாகப் பதிவு பெறலாம். பதிவுபெற்ற சங்கம் விதிகளும் தணிக்கை செய்யப்பட்ட கணக்கும் கொண்டது. ஆகவே யாரோடு பேசுவது, யாருடைய வாக்குக் கட்டுப்படுத்தும் என்னும் ஐயம் முதலாளிக்கும் குறைந்தது. எனினும் சங்கத்தை ஏற்றுப் பேசியே ஆகவேண்டும் என முதலாளியை இச்சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அக்குறை நெடுங்காலம் நீடித்தது.

இறுதி ஆண்டுகள்

தேசபக்தனை விட்டு விலகிய திரு.வி.க. 1920 அக்டோபரில் நவசக்தியைத் தொடங்கி நெடுங்காலம் நடத்தினார். 1925இல் காஞ்சிபுரத்தில் கூடிய தமிழ் மாகாணக் காங்கிரசு மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். வகுப்புரிமைத் தீர்மானம் குறித்து ஈ.வெ.ரா. வெளியேறிய மாநாடு அது. காலப்போக்கில் கட்சி அரசியலிலிருந்து ஒதுங்கிய அவர், தொழிலாளர் பணியிலிருந்து ஒதுங்கவில்லை. மனித வாழ்க்கையும் காந்தியடிகளும், பெண்ணின் பெருமை முதலிய நூல்களில் அவர் விரித்த அறக்கருத்துகளும், சன்மார்க்கத்தையும் மார்க்சியத்தையும் இணைத்துக் காண முயன்ற பிற்கால எண்ணங்களும் ஆலைவாயில் பட்டறிவிலிருந்து பிரிக்க இயலாதவை.

1947இல் பின்னி ஆலைகளில் மீண்டும் நெடிய வேலைநிறுத்தம் நிகழ்ந்தபொழுது, அறுபத்துமூன்று வயதைக் கடந்திருந்த அவரை மாகாண அரசு வீட்டுக்காவலில் வைத்தது. ஆட்சியில் இருந்தது காங்கிரசு. அவர் நாடு முழுதும் சுற்றி வளர்த்த கட்சியின் அரசே அவரை வீட்டை விட்டு வெளிவராமல் தடுத்தது. பார்வை மங்கிய இறுதி ஆண்டுகளிலும் அவர் நூல் இயற்றுவதை நிறுத்தவில்லை. 1953 செப்டம்பர் 17ஆம் நாள் மறைந்தார். தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் 1948இலும் வருங்கால வைப்புநிதிச் சட்டம் 1952இலும் நிறைவேறியதைக் காணும் காலம்வரை அவர் வாழ்ந்தார்.

முடிவுரை

பின்னி ஆலைகளில் நலன்கள் இருந்தும் சங்கம் தோன்றியது ஏன் என்னும் வினாவுக்கு விடை அந்நலன்களின் இயல்பிலேயே உள்ளது. கொடுப்பவர் விருப்பத்தைச் சார்ந்த நலன், பெறுபவரின் பணிவை விலையாகக் கேட்கும். பணிவு தவறிய நாளில் கதவு அடைபடும். 1920, 1921ஆம் ஆண்டுகளில் இது கண்கூடாயிற்று. சட்டம் அதனை முழுமையாக மாற்றவில்லை எனினும், ஒன்றுகூடிக் கேட்பது குற்றமன்று என்னும் நிலையை நிறுவியது.

திரு.வி.க. சட்டம் இயற்றியவர் அல்லர். சட்டமன்றத்தில் அமர்ந்தவரும் அல்லர். அவர் முன்னின்ற பெரும் வேலைநிறுத்தம் தோற்றது. சங்கத்துக்குள் இருந்த சாதிப் பிளவை அவரால் ஆற்ற இயலவில்லை. ஆயினும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சட்டத்துக்கும் தமிழில் வாழ்ந்த தொழிலாளிக்கும் இடையே நின்று, இரந்து பெறுவதற்கும் உரிமையாகப் பெறுவதற்கும் உள்ள வேறுபாட்டை எளிய தமிழில் நிலைநாட்டினார். அவரது தொழிலாளர் மேடைப் பொழிவுகளையும் நவசக்தித் தலையங்கங்களையும் சட்டச் சொல்லாட்சி நோக்கில் தொகுத்து ஆராய்வது தமிழ்க் கலைச்சொல் வரலாற்றுக்கும் தொழிலாளர் வரலாற்றுக்கும் ஒருசேரப் பயன்தரும்.